எல்லா முகவரியும் எல்லாருக்கும் எதுக்கு?

நெட்வொர்க் ஒழுங்காக ஓடினால் "இவங்களுக்கு எதுக்கு சம்பளம்?" என்பார்கள், நின்றுபோனாலும் அதையேதான் கேட்பார்கள்.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீஸ், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு டிசைன் அனுப்பும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. நடுவில் சர்வர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்ற சில கம்ப்யூட்டர்களின் முகவரிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு நேரடியாகப் பேசும். புதிதாக ஒன்று வந்து "வேற யார் யார் இருக்காங்க?" என்று கேட்டால், தெரிந்ததில் கொஞ்சத்தை மட்டும் சொல்லும். அந்தக் "கொஞ்சம்" படுத்திய பாடுதான் இதெல்லாம்.

ஒரே குடும்பம்

ஷூ கம்பெனி மானேஜருக்கு முதல் நாளே கோபம். "அது இன்னாம்மா கொஞ்சம்? கேட்டா எல்லாத்தையும் சொல்லிட வேண்டியதுதானே? இங்க எல்லாரும் ஒரே குடும்பம்!" என்றார். வெளியாள் ஒருவன் ஒரு வயரைச் செருகிக் கேட்டால் மொத்த ஃபேக்டரியின் வரைபடமும் அவன் கைக்குப் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். குடும்பத்தில் ஏது வெளியாள் என்று ஒரு பிரசங்கம் நடந்தது.

வெளியே வந்ததும் ஒரு சந்தேகம் கேட்க அவர் செல் நம்பர் தேவைப்பட்டது. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சார் நம்பரை யாருக்கும் தரக்கூடாதுன்னு சார் ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்கார் மேடம்."

மாதனூர் பாஷை

ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் கம்ப்யூட்டருக்கு ஓர் உள்முகவரி உண்டு. நம் வீட்டில் "மாடி ரூம்" என்று சொல்வதுபோல. அது அந்தக் கட்டடத்துக்குள்தான் செல்லும். அடுத்த கட்டடத்திலும் ஒரு மாடி ரூம் இருக்குமே! ஆகவே உள்முகவரியை வெளியே சொல்லக் கூடாது என்று சாஃப்ட்வேரில் ஒரு தடை வைத்திருந்தோம். அதே கம்பெனியின் மாதனூர் யூனிட்டில் யாரோ "எதுக்கு இது?" என்று அதை எடுத்துவிட்டார்கள்.

மாதனூர் கம்ப்யூட்டர் தன் உள்முகவரியை ஆம்பூருக்குச் சொன்னது. ஆம்பூரில் அதே முகவரியில் உட்கார்ந்திருந்தது ஆபீஸ் பிரிண்டர். ஆம்பூர் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆசையாக அதைக் கூப்பிட, அது புள்ளியும் கோடுமாகக் காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. கிளார்க் கை நிறையத் தாளோடு போன் செய்தார்: "மேடம், மாதனூர்ல இருந்து ஏதோ வந்துனே இருக்கு. இன்னா பாஷைன்னுதான் தெரியல."

பார்த்தவரைப் பார்த்தவர்

பழைய யூனிட் ஒன்றை மூடி, அதிலிருந்த கம்ப்யூட்டரையும் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் அதன் முகவரி மட்டும் சாகவில்லை. ஒரு கம்ப்யூட்டர் "அது உயிரோட இருக்கு" என்று சொல்ல, கேட்டது அதைப் புதுச் செய்தியாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குச் சொல்ல, அது திரும்பி முதலாவதற்கே சொல்ல, வதந்தி சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாம் சேர்ந்து அந்தச் செத்த கம்ப்யூட்டரைத் தேடியதில் டிசைன் அனுப்புவது தாமதமானது.

நேரில் தொடர்பு கிடைத்தால் மட்டுமே உயிரோடு இருப்பதாகக் கணக்கு என்று மாற்றினோம். என்னோடு வேலை செய்யும் இம்ரான் தலையில் அடித்துக்கொண்டான்: "அக்கா, இதுங்களும் நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் மாதிரியேதான் இருக்கு."

மச்சான் வந்தார்

இன்னொரு தடையும் உண்டு. ஒரே கம்ப்யூட்டர் எத்தனை முகவரி சொன்னாலும் கொஞ்சத்தைத்தான் நம்ப வேண்டும். நெட்வொர்க்கைச் சோதிக்க மானேஜரின் மச்சான் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்தார். அவருக்கு அந்தத் தடை பேஜாராக இருந்ததாம். மானேஜர் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியும் தடை போனது. மச்சானின் லேப்டாப் இல்லாத முகவரிகளை வண்டி வண்டியாகக் கொட்டியது. மறுநாள் காலையில் கரண்ட் போய் வந்ததும், பழைய தொடர்பெல்லாம் அறுந்துபோய், மாதனூர் கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர் அந்த ஆளில்லா முகவரிகளையே தட்டிக்கொண்டிருந்தது. டிசைனில் செய்த திருத்தம் வந்து சேரவில்லை. பழைய அளவிலேயே நல்ல தோலெல்லாம் வெட்டிவிட்டார்கள்.

பழி அங்கே சூப்பர்வைசராக இருந்த தேவகி மேல் விழுந்தது. மெமோ டைப் ஆகிவிட்டது. வேலை போகும் நிலைமை. நான் மாதனூருக்கு ஓடிப் போய், அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த முகவரி எல்லாமே அந்த ஒரே லேப்டாப் சொன்னவை என்று எல்லார் முன்னாலும் காட்டினேன். மச்சான் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். மானேஜர் மட்டும் அசராமல், "தடையை யாரும்மா எடுக்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். கஸ்டமர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று, "எங்க முதலாளிக்கு ஒரு போன் வந்தது சார்" என்று மட்டும் சொன்னேன். மெமோ குப்பைக்குப் போனதும், தடை அன்றைக்கே திரும்பி வந்ததும் தேவகி அப்போது வாயைத் திறந்ததால்தான்: "நீங்கதான் சார். எங்க செக்‌ஷன்ல நின்னுதான் போன் பேசினீங்க. மிஷின் சத்தத்துல எங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டீங்க போல."

எவன் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்று கம்ப்யூட்டருக்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அதை வாங்கிய மனிதர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் சாஃப்ட்வேர் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.