ஐயோக்காவின் இரண்டாம் பாதி

ஐயோக்கா மனசு வைத்து அழுதால் கடல் ஒரு முழம் ஏறும். கப்பல்கள் தடுமாறும். கரையில் குடியிருப்பவர்கள் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். அணை கட்டும் இன்ஜினியர்கள் ஐயோக்காவை ஒருமுறை அழச்சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மதகுக்கு அளவு போடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பது இப்போது எதற்கு. சினிமாவில் எந்தப் பிணத்தைச் சுற்றி எந்தக் கூட்டம் அழுதாலும் அதில் ஒரு தொண்டை ஐயோக்காவுடையது என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

வேலை இதுதான். படத்தில் வீடு எரியும், பாலம் இடியும், பெரியவர் ஒருவர் சாவார். சுற்றி நிற்கிறவர்கள் படம் பிடிக்கும்போது வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்குக் குரல் பிறகுதான் வரும். டப்பிங் தியேட்டர் என்கிற ஜன்னல் இல்லாத அறைக்குள் நாலைந்து பெண்களை ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்தி, எதிரே திரையில் காட்சியை ஓடவிட்டு, அழுங்கள் என்பார்கள். செருப்பு வெளியே. வளையலைக் கழற்றிவிட வேண்டும். சரசரக்கிற துணி ஆகாது. வயிறு உறுமினால் மைக் பிடித்துவிடும் என்பதால் பசியோடும் வரக்கூடாது, வயிறு முட்டத் தின்றுவிட்டும் வரக்கூடாது. புது மருமகளுக்குப் போடுகிற மாதிரி இத்தனை சட்டமும் போட்டுவிட்டு, பேசக் கொடுப்பது ஒரே சொல்: ஐயோ. அந்த ஒரு சொல்லிலேயே போனது புருஷனா, பிள்ளையா, பக்கத்து வீட்டுக்காரரா என்று தெரிகிற மாதிரி அழ அவளால் முடியும். அதனால்தான் அந்தப் பெயர். படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடும்போது அவள் 'மற்றும் பலர்' என்பதற்குள் எங்கேயோ நெருக்கியடித்துக்கொண்டு நிற்பாள்.

வீட்டில் ஐயோக்காவும் அவளுடைய அக்கா மகளும்தான். தனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராது என்று அக்கா மகள் பாதியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் அதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தது. இதை எழுதுவது அவள்தான் என்பதால் அவளைப் பற்றிய உண்மைகள் இத்துடன் நிறுத்தப்படுகின்றன. அக்கா, ஒரு காலையில் பஸ் ஏறிப் போனவள். மகள் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

ஐயோக்காவிடம் ஒரு கதை இருந்தது. மழை கொட்டும் ஒரு பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் ஒரு பெண்ணின் கதை. எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்கிறவள், ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிடுகிறாள்: "அக்கா, வீடு அதே இடத்துலதான் இருக்கு." ஓடிப்போன அக்கா என்றைக்காவது இந்த நிலையத்தில் பஸ் மாறுவாள் என்று ஒரு நம்பிக்கை. பயணிகள் சிரிக்கிறார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டிக்கிறார். கடைசியில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இன்டர்வெல்.

அதற்குப் பிறகு என்ன என்பது அக்கா மகளுக்குத் தெரியாது. ஐயோக்கா வீட்டில் கதையைச் சொல்லிப் பழகும்போதெல்லாம் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பாள். குறுக்கே பஸ் ஹாரன் அடிப்பாள், மேலதிகாரி பேசும்போது கொட்டாவி விடுவாள், சித்தியின் பின்னலை நாற்காலிக் காலோடு முடிந்துவைப்பாள். இன்டர்வெல் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க அவளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று ஐயோக்கா கேட்டதில்லை.

சினிமாவில் கதையை எழுதிக் கொடுத்தால் பஜ்ஜிக் கடையில்கூட எண்ணெய் துடைக்கக் கேட்க மாட்டார்கள். வாயால் சொல்ல வேண்டும். மழை வந்தால் மழையாக, பஸ் வந்தால் பஸ்ஸாக, பாட்டு வந்தால் வெட்கத்தை விட்டுப் பாட்டாக. கேட்கிறவர் முகம் பார்த்து முதல் பாதியைத் தாண்டி, இன்டர்வெல்லில் அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் அவர் போனைக் கையில் எடுத்தால் கதை செத்தது. ஐயோக்கா ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் போன் வந்துகொண்டேதான் இருந்தது. ஒரே ஒருமுறையாவது யாராவது இரண்டாம் பாதியைக் கேட்டுவிட வேண்டும், அப்புறம் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை என்பதுதான் அவளுடைய ஆசை. பேராசை என்று பிறகு தெரிந்தது.

டப்பிங் தியேட்டரின் சவுண்ட் இன்ஜினியர் ஒரு தயாரிப்பாளரிடம் சொல்லி வைத்தார். அவருடைய அலுவலக வாசலில் மேனேஜரே வந்து ஐயோக்காவை அழைத்துப் போனார்.

"வாங்கம்மா. சார் சாப்ட்டுட்டு ஃப்ரீயாதான் இருக்கார். போனக்கூட வெளியில குடுத்துட்டார்."

போன் இல்லாத தயாரிப்பாளர். ஐயோக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளே திரை இழுத்துவிட்டிருந்தது, ஏசி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. நீளமான சோபாவில் காலை நீட்டியிருந்த தயாரிப்பாளர், "சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான். கதையில் இரண்டாவது அறிவிப்பு வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

"சார் கண்ண மூடித்தான் கேப்பார்" என்று மேனேஜர் காதருகே சொன்னார். "அப்படியே உள்வாங்குறார்."

இன்டர்வெல்லுக்கு வந்தபோது தயாரிப்பாளரின் வாயும் திறந்திருந்தது. மேனேஜர் உதட்டில் விரலை வைத்து, ஐயோக்காவை நுனிக்காலில் வெளியே நடத்திக்கொண்டு வந்தார்.

"சாருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சும்மா. நாளைக்கு இதே நேரத்துக்கு வந்துடுங்க."

"இன்டர்வெல்லேருந்து சொல்லட்டுங்களா?"

"இல்ல, முதல்லேருந்தே சொல்லுங்க. அப்பத்தான் ஒரு ஃப்ளோ கிடைக்கும்."

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். சோபா, ஏசி, முதல் பாதி, உதட்டில் விரல். போகப் போக மேனேஜர் திருத்தங்களும் சொல்ல ஆரம்பித்தார். பஸ் ஹாரன் வேண்டாமாம். மேலதிகாரி கத்துகிற இடத்தில் கொஞ்சம் தணிவாகக் கத்தினால் போதுமாம். "அந்த மழை இருக்கே, அத மட்டும் நல்லா நீட்டுங்கம்மா. சாருக்கு அது ரொம்பப் பிடிக்குது." ஐயோக்கா மழையை நீட்டினாள். அவள் பெய்த மழையில் அந்த அலுவலகம் மிதந்திருக்க வேண்டும்.

மத்தியானமெல்லாம் அங்கேயே போனதால் டப்பிங் வேலை கைநழுவியது. "கோவிச்சுக்காதீங்க ஐயோக்கா, அவசரம், வேற ஆளப் போட்டுட்டேன்" என்றார் சவுண்ட் இன்ஜினியர். புதிதாக வந்தவள் அழுததைத் திரையில் கேட்டால், காலில் கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது. அதையும் ஐயோக்கா தாங்கிக்கொண்டாள்.

"என்ன சித்தி, இன்னைக்காவது ரெண்டாம் பாதி சொன்னியா?" என்பாள் அக்கா மகள்.

"நாளைக்குச் சொல்லிடுவேன்."

"அந்தாளு எழுந்து உக்காந்து கேட்டாரா?"

"பெரிய மனுஷங்க படுத்துக்கிட்டுத்தான்டி கேப்பாங்க."

"ஆமா, நீ அழுதா பொணம்கூட படுத்துக்கிட்டுத்தான் கேக்குது."

ஐயோக்கா கரண்டியை எடுத்தாள். அக்கா மகள் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாள்.

ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டதால் ஐயோக்கா முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். மேனேஜர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"தூக்க மாத்திரைய நிறுத்தியாச்சு டாக்டர். ஒரு அம்மா வந்து கதை சொல்லுது. நல்ல குரல். இன்டர்வெல் தாண்டினதே இல்ல, சார் கொறட்டை விட ஆரம்பிச்சுடுவார். இல்ல இல்ல, கதையெல்லாம் யாரு எடுக்கப் போறா. வெளியூர் போறப்போதான் கஷ்டம். ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கலாமான்னு பாக்குறோம்."

ஐயோக்கா அந்தக் கதவுக்கு வெளியே நின்றாள். வந்த வழியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் நடந்ததை எல்லார் குரலிலும் நடித்துக் காட்டினாள். மேனேஜர் குரல், டாக்டரின் மௌனம், தயாரிப்பாளரின் குறட்டை. அவளுக்குப் பேசத் தெரிந்த விதம் அதுதான். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது, ஐயோக்கா குறட்டையை முடித்துவிட்டுத் தன் சொந்தக் குரலுக்கு வந்தபோது.

"என் அக்காவத் தலையணையா வச்சுத் தூங்கியிருக்கான்டி அந்த ஆளு."

அந்தப் பெண்ணின் அக்கா, கதையில வர்ற அக்கா என்றுதான் அதுவரை சொல்லி வந்தாள். என் அக்கா என்று வாயில் வந்தது அதுவே முதல் தடவை. இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள். ஒரு மனுஷி தன் நெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் பஸ் ஏறி வருகிறாள், அதைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ள ஒருவருக்கு மனசு வருகிறது, கதவைச் சாத்திவிட ஒரு மேனேஜரும் இருக்கிறார் என்றால், இவர்களை என்ன செய்தால் தகும்? அக்கா மகளுக்குப் பல யோசனைகள் தோன்றின. சிலவற்றுக்குக் கட்டெறும்பு தேவைப்பட்டது.

மறுநாள் காலை அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்த நேரத்தில் ஐயோக்காவின் போன் அடித்தது. தெரியாத எண். மூக்கடைத்த பெண் குரல், நாகரிகமாகப் பேசியது.

"மேடம், நாங்க ஒரு பெரிய கம்பெனிலேருந்து பேசறோம். உங்க கதையப் பத்தி வெளியில எல்லாரும் பேசிக்கிறாங்க."

"அப்படிங்களா."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும் மேடம். ரெண்டாம் பாதியில, அந்த அக்கா திரும்பி வராங்களா?"

ஐயோக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நேர்லதான் சொல்லுவேன்" என்றாள்.

"சரிங்க மேடம். அதுவரைக்கும் அந்தக் கதைய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க." வைத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் ஐயோக்கா மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனாள். "நேத்து வரலியேம்மா, சார் ரொம்பச் சிரமப்பட்டுட்டார்" என்றார் மேனேஜர். அவள் செருப்பை வெளியே விட்டாள். வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். முதல் பாதியைக் குறையில்லாமல் சொன்னாள். மழையை அவர்கள் கேட்டதற்கு மேலேயே நீட்டினாள். இன்டர்வெல் வந்தது. தயாரிப்பாளர் வாயைத் திறந்தார். மேனேஜர் உதட்டுக்கு விரலைக் கொண்டுபோனார்.

ஐயோக்கா அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "ஐயோ" என்றாள்.

பாலம் இடிந்ததற்கு, வீடு எரிந்ததற்கு, பெரியவர் செத்ததற்கு எல்லாம் சேர்த்து ஒரே ஐயோ. மேனேஜரின் விரல் உதட்டைத் தவறவிட்டு மூக்கில் இடித்தது. கீழே காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். தயாரிப்பாளர் சோபாவிலிருந்து பாதி உருண்டு, தரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"யாரு, யாரு போயிட்டா?"

"யாரும் போகல சார். இன்டர்வெல் முடிஞ்சுது. உக்காருங்க, ரெண்டாம் பாதி சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். அத்தனை நாளில் முதல்முறையாக ஐயோக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். அவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் வந்தது உண்மை.

"இதுல ஹீரோ யாரு?" என்றார் தயாரிப்பாளர்.

"ஹீரோ இல்ல சார். அக்காவத் தேடுற தங்கச்சிதான் கதை."

"அது சரிம்மா. ஹீரோ யாரு?"

"அந்த அக்காவ லவ்வரா மாத்திட்டா சரியா வரும் சார்" என்றார் மேனேஜர், மூக்கைத் தடவிக்கொண்டே.

ஐயோக்கா கைப்பையிலிருந்து வளையலை எடுத்து மெதுவாகப் போட்டுக்கொண்டாள்.

"வேற கம்பெனியில கேட்டிருக்காங்க சார். அக்கா வருவாளான்னு கேட்டாங்க. நான் அவங்களுக்கே சொல்லிக்கிறேன்."

மேனேஜர் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார். "அம்மா, கோவத்துல போகாதீங்க. ரெண்டாம் பாதி அவங்களுக்கே இருக்கட்டும். முதல் பாதிய மட்டும் நாளைக்கு வந்து..."

"உங்க சாருக்கு மாத்திரையே குடுங்க" என்றாள் ஐயோக்கா, செருப்பை மாட்டிக்கொண்டு.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இதையும் எல்லார் குரலிலும் நடித்துக் காட்டினாள். விரல் மூக்கில் இடித்த இடத்தை இரண்டு முறை செய்யச் சொல்லிக் கேட்டு அக்கா மகள் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப அந்தப் பெரிய கம்பெனிக்கு எப்ப சித்தி போற?"

"போக வேண்டாம். அந்தக் கம்பெனி என் எதிர்லதான் உக்காந்து சாப்ட்டுக்கிட்டிருக்கு."

"யாரு, நானா?"

"மூக்கப் பொத்திக்கிட்டுப் பேசுறவ மூச்ச வாய் வழியா வாங்கணும்டி. நீ மீன் மாதிரி நடுநடுவுல முழுங்குற."

"அது வேற யாராவது சளி பிடிச்சவங்களா இருக்கும் சித்தி."

"சரி, குரல விடு. எத்தனையோ ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். ஹீரோ யாருன்னு கேப்பாங்க, பாட்டு எத்தனைன்னு கேப்பாங்க. அக்கா வருவாளான்னு எந்தக் கம்பெனியும் கேட்டதில்ல."

அக்கா மகள் எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி உன் முன்னாடிதான் இருக்கு" என்றாள் ஐயோக்கா. "உக்காரு."