சத்தி வராத இடம்

தூரிகையால் தேய்க்கக் கூடாது, குத்த வேண்டும். தேய்த்தால் நார்த்துணி இழுபட்டுத் திரளும். குத்தினால் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாய் வெளியேறும். அந்த இரண்டு கைகளும் காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தன. படகின் மூக்குப் பக்கம், அணியத்தில், ஒரு ஆள் சாய்ந்து உட்காரக்கூடிய இருக்கை உருவாகிக்கொண்டிருந்தது. கலந்து வைத்த றெசின் கால் மணித்தியாலத்தில் இறுகிவிடும். ஆனாலும் கைகள் இடையிடையே நின்றன. தூரிகையைத் தகரத்தில் போட்டன, மறுபடி எடுத்தன. செய்கிற வேலை பிழை என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

கைகள் நிஸ்தாருடையவை. காத்தான்குடி வாவிக்கரையில், தகரக் கொட்டில் ஒன்றில் பைபர் படகு செய்கிறவர். வயது நாற்பத்தொன்று. தொழிலை அவருக்கு எவரும் பழக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த படகுகளில் பல ஒரு வருடத்துக்குள் வெடித்தன. அவற்றை அறுத்துப் பார்த்து, எங்கே எத்தனை படை துணி போட்டிருக்கிறது, எங்கே ஏய்த்திருக்கிறது என்று எண்ணி எண்ணியே கற்றுக்கொண்டார். முதலில் ஒட்டுப் போட்டார், பிறகு முழுப் படகே வார்த்தார். அவர் போட்ட ஒட்டு இதுவரை விட்டதில்லை.

இந்தப் படகைச் செய்யச் சொன்னவன் கல்லடியைச் சேர்ந்த உதயரூபன். யுத்தம் முடிந்த மறு வருடம் அது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலட்டைக்குக் குளித்தவன், தடை நீங்கிக் கடல் திறந்துவிட்டது, இனி உல்லாசப் பயணிகளை அடியிலுள்ள பாறைகளைப் பார்க்க இறக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். முதல் பயணி அவனுடைய தங்கை மேனுகா. சுவிஸில் ஒரு ஏரியில் மூன்று வருடம் பழகிச் சுழியோடப் படித்தவள். கடலில் ஒரே ஒரு தரம், வேறொரு நாட்டில், இறங்கப் போயிருக்கிறாள். படகிலேயே குமட்டி, சத்தி எடுத்துச் சத்தி எடுத்து, தண்ணீரில் கால் வைக்காமலே திரும்பிவிட்டாள். இப்போது பத்து நாள் லீவில் ஊருக்கு வரப் போகிறாள். ஒவ்வொரு மத்தியானமும் தொலைபேசியில் திட்டம் போட்டாள். உதயரூபன் கொட்டிலுக்கு வந்து, நிஸ்தாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போடுவான். அண்ணன் முறையில் நிஸ்தாரை அவன் காக்கா என்று கூப்பிடுவான்.

"அண்ணா, எனக்கு முன்சீட்தான். சின்னதில கொழும்பு பஸ்ஸில முன்சீட் கிடைச்சா நான் சத்தி எடுக்கிறல்லதானே?"

"ஓங்கா. காக்கா மெத்தை வச்சே செய்யிறார்."

"தேசிக்காயும் வேணும், அந்தப் புளிப்பு மணம் பிடிக்கிறத்துக்கு."

"தேசிமரத்தையே நட்டு விடுறம். நீ வா."

"பகிடி விடாத. இந்த முறையும் இறங்கேலாமப் போனா சுழியோடுற உடுப்பு, கண்ணாடி எல்லாத்தையும் வித்துப்போட்டுப் பேசாம இருந்திருவன்."

யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. பஸ்ஸில் சத்தி வருகிறவருக்கு முன்சீட் கொடுப்பதுதானே வழக்கம். கொட்டிலில் செய்கிற படகுகளை மணல் மூட்டை ஏற்றி வாவியில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். வாவித் தண்ணீரில் அணியம் சாய்கதிரை மாதிரி அசையாமல் போகும். கடலில் அது ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கிக் குத்தும். நிஸ்தாருக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்வதுதான் முடியாமல் இருந்தது.

பதினாலு வயதில் மூத்த காக்கா ஹமீட் அவரைக் கடலுக்குக் கூட்டிப் போனார். காற்று முகத்தில் அடித்தால் சரியாகும் என்று அணியத்தில் இருத்தினார். மூன்று நாளும் நிஸ்தாரின் குடல் வாய்க்கு வந்தது. நாலாம் நாள் ஹமீட் வீட்டில், "இவனுக்கு வலைக்குக் கை வராது, ஆத்துத் தொழிலுக்கு விடுங்க" என்றார். சத்தியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கடற்கரை ஊரில் ஆண்பிள்ளைக்கு அதைவிட வேறு கேலி வேண்டாம் என்று அவருக்குத் தெரியும்.

சுனாமி அன்று காலை ஹமீட் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அலை இழுத்துப் போனவருடைய மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது. சில மாதங்களில் உதவிப் படகுக்குப் பேர் பதிய வந்தவர்களிடம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "இவர்ர காக்காவக் கடல் கொண்டு போயிற்று. அதில இருந்து இவர் கடல்ல கால் வைக்கிறல்ல" என்றார். நிஸ்தார் தலையை ஆட்டினார். ஒரே ஒரு ஆட்டுத்தான். அதிலிருந்து அவர் கடலுக்குப் போகாததற்கு ஊரே மரியாதை கொடுத்தது. அவரிடம் கடல் என்ற சொல்லை எடுக்கவே ஆட்கள் கூசினார்கள். ஒரு தரமும் அவர் அதைத் திருத்தவில்லை.

இப்போது வாய் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை அணியத்தில் இருந்து சாகும். திறந்தால், செத்துப்போன காக்காவின் பேரில் ஐந்து வருடம் ஒளிந்திருந்தது வெளியே வரும்.

சாப்பாட்டில் கை வைத்தவர் எழும்பினார். முற்றத்துக்குப் போனார், திரும்பி வந்தார். மனைவி றபீக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளின் பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டாள்.

"ஹிதாயாட வாப்பா, என்ன, முட்டைக்கு இடம் தேடுற கோழி மாதிரி? ஒரு இடத்தில இருங்களன்!"

"இருக்கிற இடம்தான் புள்ள பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அவர் கொட்டிலுக்கு நடந்தார்.

மறுநாள் உதயரூபன் வந்தபோது அணியம் வெறுமையாகக் கிடந்தது. அறுத்த விளிம்புகளை நிஸ்தார் அரத்தாளால் உரஞ்சிக்கொண்டிருந்தார்.

"காக்கா! சீற் எங்க?"

"வெட்டிற்றன்."

"விசரா உங்களுக்கு? அவள் வாறத்துக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு!"

"அணியத்தில இருந்தா, அலை மடியிற இடம் தாண்ட முந்திச் சத்தி எடுப்பா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கடலுக்கே போறல்ல. ஹமீட் காக்கா மவுத்தானதில இருந்து..."

"அதுக்கு முந்தியும் இருவது வருசமாப் போகல்ல, தம்பி." நிஸ்தார் தாளைக் கீழே வைத்தார். "எனக்குச் சத்தி. காக்காக்கு மட்டும்தான் தெரியும். அவர் போனாப் பிறகு ஊர் ஒரு கதை சொல்லிச்சு, நானும் தலைய ஆட்டிற்றன்."

உதயரூபன் வெறுமையான அணியத்தைப் பார்த்தான். அப்புறம் சிரிப்பில் தோள் குலுங்கியது.

"கடலுக்குப் படகு செய்யிறவருக்குக் கடல்ல சத்தி! இத ஆருக்கிட்டச் சொன்னாலும் நம்புவானா?"

"சிரி. சிரிச்சு முடி."

அவன் சிரித்து முடித்தான். பிறகுதான் குரல் தணிந்தது. "அப்ப எங்க இருந்தா வராது, காக்கா?"

"தெரியாது. வராத இடத்தில நான் ஒரு நாளும் இருந்து பாக்கல்லையே. போய்த்தான் பாக்கோணும்."

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் படகைக் கரைக்குக் கொண்டு போனார்கள். நிஸ்தாரின் கையில் ஒரு மரப்பெட்டி, சட்டைப் பையில் சோக்குக் கட்டி. படகு தள்ள வந்த கிழவர் சாமித்தம்பி அவரைக் கண்டதும் நின்றுவிட்டார். வலைக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"நிஸ்தார் தம்பி," சாமித்தம்பி கிட்ட வந்தார், "மனசத் தேத்திற்றீங்களா? ஹமீட்டும் நானும் ஒரே தோணியில போன ஆக்கள்..."

இன்னும் ஒரு தலையாட்டுப் போதும். நிஸ்தார் பெட்டியைப் படகுக்குள் வைத்தார்.

"மனசில்ல அண்ணன். வயிறு. எனக்குக் கடல்ல சத்தி வரும், பதினாலு வயசில இருந்து. காக்காட மவுத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கரையில் எவனோ சிரித்தான், அதோடு எல்லாரும் சிரித்தார்கள். சாமித்தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "ஹமீட் ஒரு நாளும் சொல்லல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு படகுக்குத் தோள் கொடுத்தார்.

படகு கடலில் ஓடத் தொடங்கியதும் நிஸ்தார் அணியத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார், சத்தி எடுத்தார். பெட்டியை முழம் முழமாகப் பின்னுக்கு இழுத்தார், ஒவ்வொரு தரமும் சத்தி எடுத்தார். எஞ்சினுக்குக் கிட்டப் பெற்றோல் மணம் தலையைச் சுற்றியது, அங்கேயும் எடுத்தார். நடுவுக்குச் சற்றுப் பின்னால், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடித்தளத்திலேயே குந்தி, கண்ணைக் கரையின் தென்னைகளில் வைத்தபோது வயிறு அடங்கியது. அந்த இடத்தைச் சோக்கால் வளைத்துக் கீறினார். ஆனால் எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டதும், அந்த நல்ல இடத்திலும் மறுபடி வந்தது.

"நிக்கக் கூடாது," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "நிண்டு போட்டு உடுப்பும் சிலிண்டரும் மாட்டினா அவ முடிஞ்சா. எல்லாத்தையும் கரையில மாட்டிற்று வரோணும். நிண்ட உடன தண்ணிக்குள்ள."

செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. றபீக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அஞ்சு வருசமாக் கடல் எண்ட சொல்ல வாயில எடுக்காம இருந்தன்! கடல்மீனக்கூட ஆத்துமீன் எண்டுதானே சொல்லித் தந்தன்!"

"தெரியும் புள்ள. ருசி தெரியாதா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பிறகு வெறுந்தேத்தண்ணி வந்தது, சீனி இல்லாமல்.

எட்டு நாளில் சோக்குக் கோட்டின் மேல் ஒரு தாழ்ந்த இருக்கை வார்த்தார். முதுகுப் பக்கம் சிலிண்டரைத் தாங்க ஒரு குழிவு. சிலிண்டரைக் கட்டியபடியே உட்கார்ந்து வரலாம். படகு நின்றதும் எழும்பி நடக்கத் தேவையில்லாதபடி, பக்கவாட்டை அந்த இடத்தில் ஒரு சாண் தாழ்த்தினார். இருந்த இடத்திலிருந்தே தண்ணீருக்குள் சரியலாம். அதன் விளிம்பை மூன்று தரம் உரஞ்சியும் திருப்தி வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து நாலாம் தரம் உரஞ்சினார்.

மேனுகா வந்த அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. கட்டை முடியோடு, கரையில் கட்டியிருந்த படகைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். முகம் வாடிப்போயிற்று.

"முன்சீட் எண்டுதானே கேட்டனான், காக்கா?"

உதயரூபன் வாய் திறக்குமுன் நிஸ்தார் சொன்னார். "தங்கச்சி, நானும் சத்திக்காரன். இந்தப் படகில ஏழு தரம் எடுத்தன். இந்த இடத்தில மட்டும் எஞ்சின் ஓடுற வரைக்கும் எடுக்கல்ல. படகு நிண்டதும் எடுத்தன். அதால நிக்காதீங்க, உடன இறங்குங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா சொல்லல்லையே."

"நான்தான் சொல்லோணும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முதுகைக் குழிவில் வைத்து, தாழ்த்திய பக்கவாட்டைக் கையால் தடவினாள். பிசிறு எங்கும் இல்லை.

"சரி, கயித்தத் தாங்க" என்றாள். நிஸ்தார் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, படகின் கயிற்றை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார்.