கட்டுரைக்குக் கீழே முட்டை விலை

சென்ற மாதம் ஒரு நாள் காலை. அடுப்பில் பால். கையில் போன். தெரியாத நம்பர்.

“ஏனுங்க, முட்டை வெலை போடறவங்களுங்களா?”

“இல்லீங்க, ராங் நம்பர்” என்று வைக்கப் போனேன்.

“உங்க நம்பரு அந்தப் பக்கத்துலயே இருக்குதுங்களே… கதையாட்டம் என்னமோ எழுதி, அடியில வெலை போடுவீங்களே?”

கதையாட்டம் என்னமோ! இந்தப் பத்திரிகைப் பத்தியில் வருவதையெல்லாம் வாரம் தவறாமல் என் பிளாகிலும் ஏற்றி வருகிறேன். எத்தனை வருஷ உழைப்பு! அதற்கு இப்படி ஒரு பெயர்.

பேசியவர் பெயர் சரோஜா. பரமத்தி பக்கம் கணவரோடு கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். முட்டை எடுக்க வேன் வருவதற்குள் அன்றைய விலை என்ன என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர் சொல்வதுதான் விலை.

“வாட்ஸ்அப்புல ஆளுக்கொண்ணு அனுப்பறாங்க. உங்களுதுதான் சரியா இருக்குதுங்க” என்றார்.

உண்மையில் அது என்னுடையதே இல்லை. பிளாகின் வலது ஓரத்தில் சைட்பார் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப ஒரு காலண்டர், ஒரு தேடல் பெட்டி, கூடவே வேறொரு தளம் சும்மா கொடுக்கிற, தினமும் தானாக மாறுகிற நாமக்கல் முட்டை விலைப் பெட்டி, அதாவது விட்ஜெட். நம்ம பக்கத்து அடையாளமாக ஒன்று இருக்கட்டுமே என்று போட்டது. போட்டதை மறந்தும் போனேன்.

சரோஜாவின் குறை என்ன தெரியுமா?

“கட்டுரை ரொம்ப நீளமுங்க. தள்ளித் தள்ளி வெரலே வலிக்குது. வெலைய மேல தூக்கிப் போட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

என் போனில் திறந்து பார்த்தேன். அட, ஆமாம்! கம்ப்யூட்டரில் ஓரமாக நிற்கிற சைட்பார், போனில் இடம் போதாமல் கட்டுரைக்கு அடியில், கமென்ட்டுகளுக்கும் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலேயே எழுதி, கம்ப்யூட்டரிலேயே ரசித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவே இல்லை.

சரி, விட்ஜெட்டை சைட்பாரிலிருந்து வெளியே கொண்டுவர முடியுமா? முடியும். தேடிப் படித்ததில் தெரிந்தது இதுதான். பிளாகின் தோற்றத்தை அமைக்கிற தீமில் ‘ஃபங்ஷன்ஸ்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் விட்ஜெட்டுக்கென்று புதிதாக ஒரு இடத்தைப் பதிவு செய்து பெயர் வைக்க வேண்டும். பிறகு பக்கத்தின் டெம்ப்ளேட்டில் எங்கே வேண்டுமோ அங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு வரி. தலைப்பில் கூப்பிட்டால் தலைப்பில் வரும், நடுவில் கூப்பிட்டால் நடுவில் வரும்.

ஒரே வரிதானே என்று மதியமே உட்கார்ந்தேன். அந்த ஒரே வரியில் ஒரு அரைப்புள்ளியை விட்டேன். மொத்த பிளாகும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது!

பேக்கப் எடுத்தேனா? இல்லை. ஒரிஜினல் தீமில் கை வைக்காமல் ‘சைல்டு தீம்’ போட்டு அதில் மாற்றினேனா? அதுவும் இல்லை. ஓடுகிற லாரியில் டயர் மாற்றிய கதைதான். மறுநாள் காலை வரை பக்கம் வரவில்லை. போன் மட்டும் வந்தது. முதலில் சரோஜா. அப்புறம் “சரோஜாக்கா நம்பர் குடுத்தாங்க” என்று வரிசையாக ஆறு பண்ணைக்காரர்கள்.

“வெலை வர்லீங்களே?”

ஆறு பேரும் விலையைத்தான் கேட்டார்கள். கட்டுரை வரவில்லையே என்று ஒருவர்… ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

எப்படியோ அரைப்புள்ளி விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்துப் போட்டேன். விட்ஜெட் தலைப்புக்கு மேலேயே ஜம்மென்று வந்து நின்றது. சரோஜாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை பொம்மை ஒன்று வந்தது. நானும் நல்ல காரியம் செய்த திருப்தியில் இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள், யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று காட்டுகிற கணக்குப் பக்கத்தைத் திறந்தால், வருகிறவர்கள் வருகிறார்கள், சில நொடிகளில் போய்விடுகிறார்கள். விலையைப் பார்த்தார்கள், மூடினார்கள். அவ்வளவுதான். இத்தனை நாளும் அவர்கள் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தைத்தான் நான் வாசிக்கிற நேரம் என்று நினைத்திருந்தேனா? நிஜமாகவே வலித்தது. இனி எதற்கு எழுதுவது, முட்டை விலையை மட்டும் போட்டுவிட்டுப் போகலாமே என்றுகூடத் தோன்றியது. அந்த வாரக் கட்டுரையை முறைப்போடுதான் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் சரோஜா.

“ஏனுங்க்கா, உங்கம்மாவக் கண்ணு ஆப்ரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்கன்னு எழுதியிருந்தீங்களே… அப்புறம் என்னாச்சுங்க? நல்லாத் தெரியுதுங்களா?”



“நீங்க அதையெல்லாம் படிப்பீங்களா?”

“படிக்கோணும்னு வர்றதில்லீங்க. வெலைக்குப் போற வழியில நாலு வரி கண்ணுல படும். அப்புறம் உட மனசு வராது. இப்பத்தான் வெலை மேலயே இருக்குதுங்களே, பாத்ததும் மூடிட்டு வேலையப் பாக்கப் போயிர்றனுங்க. நேத்து எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, ‘அந்தம்மாவோட அம்மாளுக்குக் கண்ணு வந்துச்சா’ன்னு. எனக்குச் சொல்லத் தெரியலீங்க.”

கணவருமா! வாசகர் என்றால் நம் எழுத்தைத் தேடிக்கொண்டு வருகிறவர் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு. வேறு வேலையாகப் போகிற வழியில் நின்று படிக்கிறவரை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

“பழையபடி அடியிலயே போட்ருங்க்கா.”

“வெரல் வலிக்குமே?”

“அது கெடக்குது உடுங்க. அம்மா எப்படி இருக்காங்க, அதச் சொல்லுங்க முதல்ல.”

“எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எழுத்தாளர் புத்தி!

அன்றைக்கே டெம்ப்ளேட்டைத் திறந்தேன். இந்த முறை பேக்கப் எடுத்துக்கொண்டு, சைல்டு தீமில். அந்த ஒரு வரியைத் தலைப்பிலிருந்து எடுத்து, கட்டுரை முடிகிற இடத்துக்கு நேர் கீழே, கமென்ட்டுகளுக்கு மேலே வைத்தேன். விரலுக்குப் பாதி வேலை மிச்சம். என் கட்டுரைக்கும் வழியில் இடம் உண்டு.

இந்தக் கட்டுரையும் நாளை பிளாகில் ஏறும்.

சரோஜா, அம்மா நேற்று தானே ஊசியில் நூல் கோத்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்… முட்டை விலை அடுத்த வரியில்.