கருவாடுபோல் திருப்பிய பலகை

பயணப் பொருட்களைச் சரிபார்க்கையில் சோலார் சார்ஜரின் முறை வந்ததும் அவர் நினைவுக்கு வருவார்.

தலைமன்னாருக்கு அப்பால், கடல் நடுவே மேடிட்ட ஒரு மணல் தீடையில் பறவைகளைப் பதிவுசெய்யப் போயிருந்தோம். அங்கிருந்த மீன்வாடியில் கருவாடு காயவைப்பவர் அவர். வெயிலில் வெளுத்த புருவம், கழுத்தில் செபமாலை, எதையாவது திருப்பிக்கொண்டே இருக்கும் கைகள்.

என் சார்ஜரைக் கண்டதும், அணைந்து கிடந்த தன் போனைக் கொண்டுவந்தார்.

"பிள்ளை, மகள் பிள்ளைப்பேறுக்கு மன்னார் ஆஸ்பத்திரியில. பின்னேரம் மருமகன் கோல் எடுப்பார். இதுக்குக் கொஞ்சம் உயிர் குடுங்கோ."

போனை இணைத்து, சார்ஜரின் மடிப்புப் பலகையை மணலில் விரித்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பலகை கவிழ்ந்து கிடந்தது.

"ஐயா, ஆர் இதைக் கவிட்டது?"

"நான்தான். ஒரு பக்கம் நல்லாக் காய்ஞ்சிட்டுது. மற்றப் பக்கமும் காய வேணுமெல்லோ?"

"இது கருவாடில்லை ஐயா! அடிப்பக்கம் வெயில் பிடிக்காது."

பதறிப்போய் நிமிர்த்தினார். அதன்பின் கருவாட்டையே மறந்து, பலகைமேல் நிழல் விழாதபடி காகம் கலைத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அழைப்பு வந்தது. "பொம்பிளைப் பிள்ளை, மாமா. ரெண்டு பேரும் சுகம்." மருமகனின் குரல் எனக்கும் கேட்டது. என்ன பெயர் என்று அவர் கேட்பதற்குள் போன் அணைந்தது.

"பரவாயில்லை. பேரை நாளைய வெயிலில கேப்பம்" என்று சிரித்தார், கண் கலங்க.

மறுநாள் வெயில் ஏறுமுன் எங்கள் படகு புறப்பட்டது. சார்ஜரை அவரிடமே விட்டுவந்தேன். இப்போது என்னிடம் இருப்பது வேறொன்று. அதை விரிக்கும் இடத்திலெல்லாம், அந்தப் பேத்தியின் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறேன்.