ஒரே ஆணியில் இரண்டு கயிறு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும், முதலில் அந்தக் கட்டடத்து லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "பாவம், மூச்சு வாங்குது. எண்ணெய் விட்டு ரொம்ப நாளாச்சு போல" என்பார். அவருக்குக் கொண்டுவந்த டீ அதற்குள் ஆறிப்போயிருக்கும். கல்யாணமான புதிதில் இந்த மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அந்த எண்ணம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். "லிஃப்ட்டைத் தாங்க ஒரு கயிறு போதும். ஆனாலும் நாங்க நாலஞ்சு போடுவோம். ஏன் சொல்லு?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். பதில் தெரிந்தாலும் தெரியாத மாதிரி முழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மனிதருக்கு மூஞ்சி தொங்கிப்போகும். "ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும்!" என்று அவரே சொல்லி முடித்து அவரே சந்தோஷப்படுவார்.

இந்தக் கொள்கை புண்ணியத்தில் எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு. குடை, டார்ச், கதவுச் சாவி, அலாரக் கடிகாரம் எல்லாம் இரண்டிரண்டு. இரண்டு அலாரமும் சேர்ந்து அலறும்போது பக்கத்து வீடு வரை எழுந்துவிடும், இவர் மட்டும் புரண்டு படுப்பார்.

ஒன்றே ஒன்றாக இருந்தது அந்தப் பெட்டிதான். இவர் லிஃப்ட் பார்க்கப் போகும் ஓர் ஆபீசில் தூக்கிப் போட்ட குட்டிக் கம்ப்யூட்டர். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதைத் துடைத்து, உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்து, கூடத்தில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் உட்கார வைத்தார். "இது சர்வர். இதுல போட்டு வச்சா டிவியிலயும் பார்க்கலாம், போன்லயும் பார்க்கலாம்" என்றார். செருப்புக்கு மேலே சர்வரா என்று நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வீடே அதை வைத்துத்தான் ஓடியது. என் தொடர்கள் எல்லாம் அதில்தான். என் மாமனார் ரயில் படங்கள் பார்ப்பார். படம் என்றால் கதை கிதை எதுவும் கிடையாது. ரயில் ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து முன்னால் தெரிகிற தண்டவாளத்தை மணிக்கணக்கில் எடுத்து வைத்திருப்பார்கள். அதை உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் பார்ப்பார். நடுவில் நான் கூட்டினால், "கொஞ்சம் தள்ளும்மா, சுரங்கம் வரப்போகுது" என்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குட்டியின் படங்கள். குட்டி என் கொழுந்தனின் மகள். கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. பிள்ளை தவழ ஆரம்பிக்கும் முன்பே போனவன், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக மாட்டிக்கொண்டு இன்னும் திரும்பவில்லை. நடுக்கடலிலிருந்து கூப்பிட்டால் பாதி முகம்தான் தெரியும், அதுவும் அசையாமல் நிற்கும். அதனால் அவன் மனைவி, என் ஓரகத்தி, குட்டி தவழ்ந்தது, நின்றது, விழுந்தது, பல் முளைத்தது எல்லாவற்றையும் போனில் வீடியோவாக எடுத்து எடுத்துப் பெட்டியில் போட்டுவைப்பாள். போட்டதும் போனிலிருந்து அழித்துவிடுவாள், அவள் போனில் அவ்வளவுதான் இடம். "அவர் வந்ததும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உக்காத்தி வச்சுக் காட்டணும் அக்கா. ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது" என்பாள்.

அவன் வரும் தேதி உறுதியானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஓரகத்திக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் அவன் போட்டோவைச் சாய்த்து வைத்து, "வாங்கப்பா, உள்ள வாங்க" என்று குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். குட்டி முதல் தடவை அதைச் சரியாகச் சொன்னபோது படம் எடுத்துப் பெட்டிக்கு அனுப்பினாள். இடமில்லை என்று வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் இடமில்லை.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை என்னவென்று சொல்வது! எதை அழிப்பது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் அடுத்தவர் சாமானையே பார்த்தோம். "உன் தொடர்ல ஒருத்தி வருஷக்கணக்கா அழுதுட்டே இருக்கா, அவள அழிச்சா என்ன?" என்றார் மாமனார்.

"உங்க ரயில் இன்னும் ஊர் போய்ச் சேரலையே மாமா, அத நிறுத்தினா என்ன?" என்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "யாரோடதையும் அழிக்க வேணாம். இடத்தப் பெருசாக்கிடலாம்."

பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க் வைக்க இடம் கிடையாது. அதனால் வெளியே வைத்து ஒயரில் இணைக்கிற பெரிய டிஸ்க் ஒன்றை வெள்ளிக்கிழமை மதியம் வாங்கி வந்தார். குடும்பமே செருப்பு ஸ்டாண்டைச் சுற்றி நின்றது. ஒயரைச் சொருகினார். புது டிஸ்க் டிக் டிக் என்றது, நின்றது, மறுபடி டிக் டிக் என்றது. டிவியில் ஒன்றும் வரவில்லை.

"கடைக்காரன் நல்லா தலையில கட்டிட்டான்" என்றேன்.

இவர் குனிந்து அதன்மேல் காதை வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. சுத்த ஆரம்பிக்குது, தெம்பு இல்லாம உக்காந்துடுது. இந்தச் சின்னப் பெட்டியால ரெண்டு பேருக்குச் சோறு போட முடியல, அவ்வளவுதான்." ஓடிப்போய், சுவரிலிருந்து தனியாகக் கரண்ட் எடுத்து டிஸ்க்குக்குக் கொடுக்கிற ஒரு ஹப் வாங்கி வந்து, அதன் வழியாக இணைத்தார். டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றியது. டிவியில் புது இடம் பளிச்சென்று தெரிந்தது. குட்டி கைதட்டினாள். விவரம் தெரியாமல் தட்டினாலும் தட்டல் தட்டல்தானே, இவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பழைய டிஸ்க்கில் என்னதான் அப்படி அடைந்து கிடக்கிறது என்று டிவியில் பார்த்தேன். அப்பா, குட்டி, தொடர், பாட்டு என்று வரிசையாக இருந்தது. கடைசியில் 'ரெண்டாவது கயிறு' என்று ஒன்று. திறந்தால் அதற்குள்ளும் அப்பா, குட்டி, தொடர், பாட்டு.

"ஏங்க, எல்லாம் ஏன் ரெண்டு ரெண்டா இருக்கு?"

"காப்பி. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமில்ல?" நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்தக் காப்பி எங்க இருக்கு?"

"பெட்டிக்குள்ளதான்."

"பெட்டிக்குள்ள டிஸ்க்கு எத்தன?"

"ஒண்ணு."

"அப்ப ரெண்டு கயிறையும் ஒரே ஆணியில மாட்டியிருக்கீங்க. ஆணி புடுங்கிட்டா?"

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் இருக்கிற லிஃப்ட்டை எல்லாம் தாங்குகிறவர், சொந்த வீட்டில் இத்தனை நாளும் இப்படி ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். இடம் நிரம்பியதே அதனால்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாமனார் நியாயமாகத்தான் பேசினார். "அப்பறம் என்னடா? அந்த ரெண்டாவத அழிச்சா பாதிப் பெட்டி காலி. புதுச கடையில திருப்பிக் குடுத்துடு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவர் தலையை ஆட்டினார். "இல்லப்பா. புதுக் கயிறு ஏறினப்பறம்தான் பழசத் தொடணும்." எங்கள் சிரிப்புக்கு நடுவில் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டார். அது அகர வரிசையில் போனது. அதனால் முதலில் ஏறியது 'அப்பா', அதாவது என் மாமனாரின் ரயில்கள்.

மாலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகப் போன இவர் சட்டென்று நின்றார். பெட்டியின்மேல் காதை வைத்தார். இந்தத் தடவை முகம் மலரவில்லை.

"என்னங்க?"

"பழசு. உள்ள எங்கயோ உரசுது." குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு நேரம் விடாம ஓடினதே கிடையாது. ரொம்ப நேரம் தாங்காது."

ஓரகத்தி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து இவரிடம் வந்தாள். "மாமா, குட்டியோடது ஏறிடுச்சா?"

"இல்லம்மா. அப்பாவோடதே இன்னும் பாதி இருக்கு."

அவள் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் முதல் அடி, முதல் பல், முதல் பேச்சு, எல்லாம் அந்த உரசுகிற டப்பாவுக்குள் இருந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

மாமனார் டிவிக்கு எதிரே எழுந்து நின்றார். "டேய், என்னோடத நிறுத்து."

"அப்பா, நிறுத்தினா மிச்சம் கிடைக்குமோ கிடைக்காதோ..."

"ரயில் எங்கயும் போகாது, நிக்கட்டும்டா. புள்ளைய ஏத்து!"

இவர் ரயிலை நிறுத்திவிட்டுக் குட்டியை ஏற்றினார். பெட்டி சூடேறாமல் இருக்க மேசை விசிறியைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்து, டிவியில் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்தோம். மாமனார் கூட ரயிலை இப்படிப் பார்த்ததில்லை. நடுவில் ஒருமுறை கோடு நின்றுவிட்டது. நான் விசிறியை இன்னும் கிட்டே தள்ளினேன். அப்புறம் பெட்டி முனகிக்கொண்டே இருக்க, கோடு நகர்ந்தது.

குட்டியின் கடைசிப் படம் ஏறி முடிந்தது. இவர் ஒன்றிரண்டைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்து, "வந்துடுச்சு" என்றார். ஓரகத்தி என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். பிறகு போனில் பத்திரமாக வைத்திருந்த அந்த "வாங்கப்பா" படத்தையும் அனுப்பினாள். இப்போது இடம் இருந்தது.

அதன் பிறகு ரயிலைத் தொடர்ந்தார். கொஞ்சம் தூரம்தான் போனது. பழைய டிஸ்க் ஒரு தரம் கிறீச்சிட்டு ஓய்ந்தது, திரும்ப எழவேயில்லை. என் தொடர்களும் அதோடு போயின, அந்த அழுகிறவளும் போனாள். மாமனார் தமக்கு மிச்சமானதை ஓட்டிப் பார்த்தார். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் படம் நின்றுவிட்டது. "சரி, இங்கேயே இறங்கிக்கறேன்" என்றார். நான் போய் அவருக்கு நல்ல டீயாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன செய்யத் தெரியும்?

நல்லவேளையாக, பெட்டியை ஓட்டுகிற மூளை டிஸ்க்கில் இல்லாமல் தனியாக ஒரு சிப்பில் இருந்ததால் பெட்டி பிழைத்தது. மறுநாள் கடை திறக்கும்போதே இவர் போய் நின்று இன்னொரு டிஸ்க் வாங்கி, குட்டியை அதிலும் ஏற்றி, படுக்கையறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இது வேற ஆணி" என்று என்னிடம் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தன் வந்தான். கறுத்து, தாடி வைத்து, ஆளே மாறிப்போயிருந்தான். அத்தனை நாள் சொல்லிப் பழகிய குட்டி, அவனைக் கண்டதும் என் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். "அப்பா வந்திருக்காருடி, என்ன சொல்லணும்?" என்று அவள் அம்மா கெஞ்சினாள். ம்ஹூம். வாயே திறக்கவில்லை. கொழுந்தன் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டு, "பரவால்ல, பயப்படுத்த வேணாம்" என்றான். அவன் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பெட்டியைப் போட்டோம். டிவியில் தவழ்ந்தாள், நின்றாள். தன்னையே பார்த்ததும் குட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தாள். "இது நான். இப்ப தொப்புனு விழுவேன் பாரு" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள். சொன்னபடியே விழுந்தாள். கொழுந்தன் கையை நீட்டி டிவியைப் பிடிக்கப் போனான். குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்து, சொல்லிக்கொண்டே நகர்ந்து, அவன் காலருகே வந்துவிட்டாள்.

கடைசிப் படம் வந்தது. டிவியில் இருந்த குட்டி போட்டோவைப் பார்த்து, "வாங்கப்பா! உள்ள வாங்க!" என்றாள். கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

குட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஏய், நான்தான சொல்லணும்!" என்று டிவியை அதட்டினாள். அவன் சட்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனாள். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிஷம் நின்று, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கதவை இழுத்துத் திறந்தாள்.

"வாங்கப்பா! உள்ள வாங்க!"

அவன் வந்தான். அவளைத் தூக்கக் குனிந்தவன், என்ன நினைத்தானோ, அப்படியே பின்னால் நகர்ந்து மறுபடி வெளியே போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டான்.

"இன்னொரு தடவ கூப்பிடு குட்டி" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அழுகிற குரல்தான். இந்தப் பக்கம் நாங்களும் அழுதுகொண்டிருந்தோம், யாரும் மறைக்கவில்லை. குட்டி மட்டும் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கப் போனாள்.