அப்பாவின் பெயரில் வந்த லைட் பில்

அப்பா செத்து ஏழு வருடத்துக்குப் பிறகு ஒருவன் எங்கள் கேற்றில் நின்று அவருடைய முழுப்பெயரைச் சொல்லிக் கத்தினான். காலை எட்டு மணி. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை.

"ஆளைக் கூப்பிடுங்க அக்கா. மூண்டு தவணை கட்டேல்ல. பிணைக்கு நிண்டா மட்டும் காணாது."

"அவர் செத்து ஏழு வருசம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறீங்க," என்று சிரித்தான்.



விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பாலையூற்றில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒருவர் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தார். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. மரியாதையான ஆள் என்றுதான் நினைத்தோம். வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும் என்று என்னிடம் லைட் பில் கேட்டார், கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் ஒரு லீசிங் கம்பனியில் தவணைக்கு ஆட்டோ எடுத்து, பில்லில் இருந்த அப்பாவின் பெயரையே பிணையாளியாக எழுதிவிட்டு, ஆட்டோவோடு ஊரை விட்டே போய்விட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டது நான்தான்.

ஆனால் கொடுக்காமல் எப்படி இருப்பது? இங்கே லைட் பில் இல்லாதவன் மனிதனே இல்லை. சிம் எடுக்க, கணக்குத் திறக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் விலாசத்துக்கு அதைத்தான் கேட்கிறார்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பது போலக் கேட்டு வாங்கிப் போவார்கள். வீட்டுக்காரர் செத்தாலும் பில்லில் பெயரை யாரும் மாற்றுவதில்லை. காணி உறுதி, மரணச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் என்று யார் அலைவது? எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குச் செத்தவர்கள்தான் இன்னும் கரண்ட் எடுக்கிறார்கள். மீற்றர் பார்க்க வருகிறவர் மாதம் ஒருமுறை அப்பாவின் பெயரோடு 'ஐயா' சேர்த்துக் கூப்பிட்டுப் பில்லைத் தருவார். நாங்களும் திருத்தியதில்லை.

அவன் முதலில் வந்த அன்றே அலுமாரியிலிருந்து மரணச் சான்றிதழை எடுத்து வந்து காட்டினேன். அவன் அதைப் படமெடுத்துக்கொண்டான்.

"அப்ப பிள்ளையள்தானே பொறுப்பு," என்றான்.

அதன் பிறகு கிழமைக்கு ஒரு தடவை வந்தான். நான் வேலைக்குப் போயிருந்தால் எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போவான். ஒருநாள் நான் திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அக்கா குழாயைப் பூட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பா கடன் கிடன் வச்சிட்டே போனவர்?"

அந்த அக்காவுக்குத் தெரியும், அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கி எங்களை வளர்த்தவர் என்று. கடைக்காரரின் கடன் கொப்பியில் ஒரு நாளும் பெயர் ஏறவிடாதவர். "கொப்பியில பேர் ஏறினா எனக்கு நித்திரை வராது" என்பார். சீனி முடிந்தால் அடுத்த சம்பளம் வரைக்கும் வெறும் தேத்தண்ணிதான். அப்படிப்பட்ட மனிதரை இந்த ஒழுங்கை கடன்காரன் என்று நினைக்கப்போகிறதே. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கம்பனிக்குப் போனேன். முகாமையாளர் கதிரை தந்தார், நான் இருக்கவில்லை. பிணைப் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். அரை மணித்தியாலம் சாட்டுச் சொல்லிவிட்டுக் கடைசியில் எடுத்தார்கள். அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே வளைத்து வளைத்து இங்கிலீசில் ஒரு கையெழுத்து.

"எங்கட அப்பா கைநாட்டு," என்றேன். "பேர் எழுதத் தெரியாமலே செத்தவர். செத்த பிறகு இங்கிலீசு படிச்சிட்டு வந்தே உங்களுக்குச் சைன் வச்சவர்?"

முகாமையாளர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலக்குப் பிடிக்கிற அவசரத்தில் யாரோ ஏஜென்ட் பார்க்காமல் விட்டிருப்பான் என்றார். "பிழை நடந்திட்டுது மிஸ். பேரை வெட்டி விடுறம். இனி ஒருத்தரும் வரமாட்டினம்."

"வரவேணும்," என்றேன். "கத்தினவர் ஒருக்கால் வந்து, அதே கேற்றில நிண்டு, அதே சத்தத்தில, எங்கட அப்பாவுக்குக் கடன் இல்லை எண்டு சொல்லவேணும்."

"அப்பிடியொரு நடைமுறை எங்களிட்ட இல்லை மிஸ்."

கடனைக் கேட்டுக் கத்த நடைமுறை இருக்கிறது. இல்லாத கடனை இல்லை என்று சொல்ல நடைமுறை இல்லை. நான் அங்கே கத்தியதைக் கேட்டு வாசல்வரை ஆட்கள் வந்துவிட்டார்கள், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அவன் வரவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "ஓம் ஓம்," என்று தலையாட்டினார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

இன்னொருவன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற பயத்தில், இத்தனை வருடமும் அலையாத அலைச்சல் அலைந்து பில்லை என் பெயருக்கு மாற்றினேன். புதுப் பில் வந்த அன்று மீற்றர் பார்க்கிறவர் கேற்றில் என் பெயரைக் கூப்பிட்டார். போய் வாங்கினேன். வாங்கிக்கொண்டு குசினிக்குள் வந்த பிறகுதான் அழுகை வந்தது. அப்பாவை 'ஐயா' என்று கூப்பிட மாதத்தில் ஒருவராவது எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். படாத கடனுக்கு நான் கட்டியது அதைத்தான்.