மூடியில் இருந்த பெயர்

என் அத்தைக்குப் படக் கம்பெனியில் வேலை என்றதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அவள் செய்தது படத்தை அழிக்கும் வேலை. ஓடி ஓய்ந்த பேசாப்படச் சுருள்கள் தகர டப்பாக்களில் கம்பெனிக்குத் திரும்பி வரும். கொதிக்கும் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் கரைந்துபோகும். அதிலிருந்த வெள்ளி தொட்டியின் அடியில் வண்டலாகத் தங்கும். மிஞ்சிய வெறும் சுருள் சீப்பு செய்யப் போகும். எத்தனையோ ராஜாக்களும் ராணிகளும் அத்தை கையால் சீப்பானார்கள்.

கழுவும் அறையில் ஒரு விதி உண்டு: மூடியை நம்பாதே. கொட்டகைக்காரர்கள் அவசரத்தில் மூடிகளை மாற்றிப் போட்டுவிடுவார்கள். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதலாளி வைத்துக்கொள்ளச் சொன்ன படம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தொட்டியில் விடவேண்டும். மூடியைப் படித்துவிட்டு வேலை செய்பவர்களை அத்தை காய்ச்சி எடுத்துவிடுவாள்.

அவளுடைய தம்பிதான் என் அப்பா. அவர் நடித்தது ஒரே ஒரு சிரிப்புப் படம். கதை என்னவென்று கேட்டதற்கு, "வந்து பாருக்கா, இப்பவே சொன்னா சப்புன்னு போயிடும்" என்றாராம். படம் ஓடிய இரண்டு வாரமும் அத்தை காய்ச்சலில் கிடந்தாள். அடுத்த வருஷம் அப்பா செத்துப்போனார். எனக்கு அப்போது இரண்டு வயது. எனக்கு மிஞ்சியது ஒரு புகைப்படம். அதிலும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

சில வருஷம் கழித்து, அந்தப் படத்தின் பெயர் எழுதிய டப்பா கழுவ வந்தது. இருந்தது அந்த ஒரே பிரதிதான். அத்தை அதைத் துணிப்பைக்குள் திணித்து வீட்டுக்குக் கடத்திவிட்டாள். திருட்டுப் பயத்தில் உள்ளே பார்க்கவில்லை. பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் சாமான் என்பதால் பிறகும் திறக்கவில்லை. "உங்கப்பன் அலமாரியில பத்திரமா இருக்கான்டி" என்பாள். அதை நம்பித்தான் அவள் வீட்டில் வளர்ந்தேன்.

இருபத்திரண்டு வயதில், அந்தப் படத்தை ஓட்டிய ஆபரேட்டரைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். டப்பாவைத் திறந்து, சுருளின் நுனியை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

"இது சோப்பு விளம்பரம்மா. அந்தப் படத்துல உங்கப்பாதான் பெயின்டர். அவரு தலையில வாளி மாட்டிக்கும். படம் பூரா வாளியோடவே ஓடுவாரு. கடைசியிலதான் கழட்டுவாரு. கொட்டகையே அதிரும்."

"வாளியா?" என்றாள் அத்தை. "ஐயோ, அது வேற மூடியில வந்துச்சு, நான் கழுவிட்டேனே."

"ஊருக்கெல்லாம் உபதேசம். உனக்கு மட்டும் மூடி போதுமா?" என்று கத்தினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதம் அவளுடன் பேசவில்லை. அவள் எனக்காகத் திருடியவள். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒரு மாதம் கழித்து நானே போய்க் கேட்டேன்: "வாளியைக் கழட்டினதும் அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

"கடைசி வரைக்கும் நான் எங்கடி பார்த்தேன்? எல்லாரையும் கூப்பிட்டு வாளிக்காரனைக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்படியே தொட்டியில விட்டுட்டேன்."

அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் நிக்கற நிலையை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு அப்பவே தோணுச்சு. யாரு, யாருன்னு யோசிச்சுக்கிட்டேதான் தேய்ச்சேன்."